பறவைகளை நேரில் கண்டு நீர்வண்ணத்தில் வரைதல்

பறவைகளை நேரில் கண்டு நீர்வண்ணத்தில் வரைதல் என்பது, தன் இயல்பான வாழிடத்தில் நடமாடும் பறவையை அவ்விடத்திலேயே உற்றுநோக்கி, கரிக்கோலாலும் நீர்வண்ணத்தாலும் தாளில் பதிவு செய்யும் முறை ஆகும். இது சுருக்கமாகக் களப் பறவை ஓவியம் எனப்படுகிறது. ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதும், அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்ட உடலைப் பார்த்து வரைவதும் இதனின்று வேறுபட்டவை. காட்டுப் பறவை என்றவுடன் அடர்ந்த காட்டை நினைக்க வேண்டியதில்லை. வளர்க்கப்படாத எப்பறவையும் இதில் அடங்கும். நெல்வயல் வரப்பில் நிற்கும் மடையானும், மின்கம்பியில் அமரும் கரிச்சானும் காட்டுப் பறவைகளே.

இக்கலை ஓவியத்திற்கும் பறவையியலுக்கும் பொதுவானது. தமிழகத்தைப் பொறுத்தவரை இதன் குறிப்பிடத்தக்க தொடக்கம் 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்த எலிசபெத் குவில்லிம் என்பவரின் படங்களாகும். முறையை விளக்கும் பகுதிகளில், கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி, வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் காணக்கூடிய பறவைகள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இவை தமிழகச் சமவெளி எங்கும் காணப்படுபவை என்பதால் பிற ஊர் வாசகர்களுக்கும் பொருந்தும்.

நேரில் வரைவதன் தனித்தன்மை

இறந்த பறவையின் உடலில் இறகுகளை எண்ணலாம், அலகை அளக்கலாம், நிறங்களை ஒப்பிடலாம். ஆனால் அது எவ்வாறு நின்றது என்பதை உடல் சொல்லாது. உயிருள்ள பறவை குளிரில் இறகுகளைப் பருத்திப் பொதி போல் உப்பிக்கொள்ளும். அச்சத்தில் அவற்றை உடலோடு ஒட்டிக்கொண்டு மெலிந்து தோன்றும். நாரை இனங்களின் கழுத்து நீளும்போது ஓர் உருவம், மடங்கும்போது மற்றோர் உருவம். கண்ணின் நிறமும் அலகடித் தோலின் நிறமும் இறந்த சிறிது நேரத்தில் மங்கிவிடும்.

ஒளிப்படம் இக்குறைகளைத் தீர்த்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. ஒளிப்படம் இன்றியமையாத கருவி என்பதில் ஐயமில்லை. எனினும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுக்கப்படும் படம், எந்தக் கண்ணும் கண்டிராத ஒரு நிலையை உறையச் செய்கிறது. வரைபவர் பத்து நிமிடங்கள் ஒரு பறவையைப் பார்த்து, அது திரும்பத் திரும்ப மேற்கொண்ட நிலைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வரைகிறார். ஆகவே நல்ல களப்படம் ஒரு நொடியின் பதிவன்று, ஒரு பழக்கத்தின் பதிவு. தொலைவில், எதிர்வெயிலில், நிறம் எதுவும் தெரியாதபோதும் தேர்ந்த பறவை நோக்கர் ஒருவர் பறவையை இனங்காண்பது இந்தப் பழக்கத்தைக் கொண்டே. பிரித்தானியாவில் 1959-இல் அமைக்கப்பட்ட அரிய பறவைப் பதிவுகளுக்கான குழு, பறவையைக் கண்ட நேரத்தில் எழுதிய குறிப்புகளையும் வரைந்த கோட்டுப்படங்களையும் சான்றாக ஏற்று ஆராய்ந்து வந்தது.

வரலாறு

இந்தியாவில் பறவைகளை உயிரோடு பார்த்து வரையும் வழக்கம் முகலாயர் அவையில் சிறப்புற்றது. பேரரசர் ஜஹாங்கீரின் (ஆட்சிக்காலம் 1605–1627) அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கின் படம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பறவை ஐரோப்பிய அறிவியலில் முறையாக விவரிக்கப்பட்டது 1773-இல் தான். மன்சூர் பயன்படுத்தியது ஒளி ஊடுருவாத, தடித்த நீர்வண்ணம்.

அடுத்த கட்டம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் வரைவதற்குப் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூன்று ஓவியர்களை அமர்த்தினார். 1777 முதல் 1782 வரை 300-க்கும் மேற்பட்ட படங்கள் வரையப்பட்டன. இங்கு மாதிரி உயிருள்ளது, ஆனால் கூண்டில் இருந்தது.

எலிசபெத் குவில்லிம்

எலிசபெத் குவில்லிம் (1763–1807) இங்கிலாந்தின் எரிபோர்டு நகரில் பிறந்தவர். கணவர் ஹென்றி குவில்லிம் புதிதாக நிறுவப்பட்ட சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக அமர்த்தப்பட்டதால், 1801-இல் தம் தங்கை மேரி சைமண்ட்ஸுடன் சென்னைக்கு வந்தார். சகோதரிகள் இருவரும் இங்கிலாந்திலிருந்த தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் எழுதிய நீண்ட கடிதங்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அக்காலச் சென்னையின் சந்தை, உணவு, உடை, மழை, நோய் ஆகியவற்றை அறிய இவை நல்ல மூலங்கள்.

எலிசபெத் தெலுங்கு கற்றார். செடிகொடிகளைப் பற்றி, தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்த செருமானியச் சமயப் பணியாளர் ரொட்லரிடம் கற்றார். பின்னாளில் தமிழ்–ஆங்கில அகரமுதலி ஒன்றைத் தொகுத்த அதே ரொட்லர்தான் இவர். மக்னோலியா பேரினத்தின் ஒரு பிரிவு இன்றும் குவில்லிமியா என எலிசபெத்தின் பெயரைத் தாங்கியுள்ளது.

இவர் சென்னையில் வரைந்த பறவைப் படங்களில் 121 இன்று கிடைக்கின்றன. பல படங்கள் பறவையின் மெய்யான அளவிலேயே அமைந்தவை. அதனால் பெரிய பறவைகளுக்கான தாள்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நீளமானவை. பறவை பிடிப்போர் உயிருடன் கொண்டுவந்த பறவைகளைப் பார்த்து அவர் வரைந்தார். சிறகின் இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ள முறை, காலின் செதில்கள், அலகின் விளிம்பு ஆகியவற்றை அவர் காட்டியுள்ள துல்லியம் பறவையியலாளர்களை வியக்க வைத்தது. அமெரிக்கப் பறவைகளை மெய்யளவில் வரைந்து புகழ்பெற்ற ஆடுபானின் நூல் வெளிவரத் தொடங்கியது 1827-இல். ஆடுபான், சுட்டு வீழ்த்திய பறவைகளைக் கம்பிகளால் பலகையில் நிறுத்தி வரைந்தவர். குவில்லிம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, உயிருள்ள பறவையைக் கொண்டு அதே அளவில் வரைந்திருந்தார்.

1807 டிசம்பர் 21 அன்று எலிசபெத் சென்னையில் காலமானார். புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கணவர், 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிந்தைய காலத்தில் ஆளுநருடனும் தலைமை நீதிபதியுடனும் முரண்பட்டுத் திருப்பி அழைக்கப்பட்டு, 1808-இல் நாடு திரும்பினார். படங்கள் அச்சேறவில்லை. 1924-இல் கேசி உட் என்னும் கண் மருத்துவரும் பறவை நூல் சேகரிப்பாளரும் இலண்டனில் அவற்றைக் கண்டெடுத்து, கனடாவின் மொண்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக நூலகத்திற்குக் கிடைக்கச் செய்தார். சென்னைப் பறவைகளின் மிகப் பழைய விரிவான படத் தொகுதிகளுள் ஒன்று இவ்வாறு 117 ஆண்டுகள் பறவையியலாளர் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. அதற்குள் தென்னிந்தியப் பறவைகளின் அறிவியல் வேறு பலரால் எழுதப்பட்டுவிட்டது. சென்னைப் படைப்பிரிவின் மருத்துவரான ஜெர்டான் 1843–1847 காலத்தில் சென்னையில் வெளியிட்ட 50 படங்கள் கொண்ட பறவை நூல் பரவலாக அறியப்பட்டது. அந்நூலின் படங்களிலும் இந்திய ஓவியர்களின் கை உண்டு.

குவில்லிமின் படங்களில் இன்றைய கண்ணுக்குப் புலப்படும் ஒரு வரம்பும் உள்ளது. மனிதர் கையிலோ கயிற்றிலோ இருந்த பறவை, வரப்பில் தானாக நிற்கும் பறவையைப் போல் நிற்பதில்லை. இறகு மிகச் சரியாகவும் நிற்கும் நிலை சற்று விறைப்பாகவும் அமைவது இம்முறையின் இயல்பு. இந்த இடைவெளியை நிரப்பியது ஓவியரின் திறமையன்று, ஓர் ஒளியியல் கருவி. நல்ல இருகண்ணோக்கி எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின்னரே பறவையைப் பிடிக்காமல் அருகில் பார்ப்பது இயன்றது.

இருபதாம் நூற்றாண்டு

இங்கிலாந்தின் சார்லஸ் டன்னிக்லிஃப் (1901–1979) இரு முறைகளையும் இணைத்தவர். இறந்து கிடைத்த பறவைகளை அளந்து அளவுப்படங்கள் வரைந்து வைத்துக்கொண்டார். களத்தில் விரைவுக் கோட்டுப்படங்கள் எடுத்தார். இரண்டையும் வைத்து முழு ஓவியத்தை உருவாக்கினார். ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஜான் பஸ்பி (1928–2015) சில கோடுகளில் கடற்பறவையின் அசைவைப் பிடித்தவர். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஜான்சன் (பிறப்பு 1952) தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, கடற்கரையிலேயே நீர்வண்ணப் படத்தை முடிப்பவராக அறியப்படுகிறார். இன்றைய களப் பறவை ஓவியர் பலர் அவரது வழியைப் பின்பற்றுகின்றனர்.

தமிழகத்தில் மா. கிருஷ்ணன் (1912–1996) குறிப்பிடத்தக்கவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் தம் கட்டுரைகள் பலவற்றுக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996 வரை அவர் எழுதிய பத்தி, வீட்டு முற்றத்துப் பறவைகளையும் விட்டுவைக்கவில்லை. தமிழில் அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகள் "மழைக்காலமும் குயிலோசையும்" என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. கட்டுரைகளுக்கு அவர் வரைந்தவை மைப்படங்கள், நீர்வண்ணப் படங்கள் அல்ல. எனினும் அருகில் உள்ளதைப் பார் என்னும் அவரது அணுகுமுறை இக்கலையின் அடிப்படையோடு ஒத்தது.

கருவிகள்

செலவு மிகுந்த கலை அன்று. 8×42 இருகண்ணோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதுமானது. இருகண்ணோக்கியைக் கையில் பிடித்தால் வரையக் கை இராது என்பதே அதன் குறை. முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருப்பின் ஒரு கண் பறவை மீதும் கை தாள் மீதும் இருக்கலாம். 2பி கரிக்கோல், நடுத்தரப் பருமன் கொண்ட கூர்முனைத் தூரிகை ஒன்று, கையடக்க வண்ணப்பெட்டி, தண்ணீர்க் குப்பி, பழந்துணி ஆகியவை பிற தேவைகள்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. பள்ளிகளில் பயன்படும் சார்ட் தாள் நீரை உறிஞ்சி நெளிந்துவிடும். 300 ஜி.எஸ்.எம். எடையுள்ள தாளே நீர்ப்பூச்சைத் தாங்கும். வண்ணங்கள் ஆறு அல்லது ஏழு போதும்: அல்ட்ராமரின் நீலம், பச்சை சாய்ந்த நீலம் ஒன்று, மஞ்சள் காவி, எலுமிச்சை மஞ்சள், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஒரு சிவப்பு. கறுப்பு தேவையில்லை. வெள்ளை பெரும்பாலும் தேவையில்லை. காரணம் பின்னர் கூறப்படும்.

வரையும் முறை

முதற் சில நிமிடங்கள் கரிக்கோலைத் தொடாமல் பார்ப்பது நலம். பறவை எதைச் செய்கிறது, எந்த நிலைக்கு மீண்டும் வருகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பின்னர் உடலின் சாய்வைக் காட்டும் ஒரே கோடு, உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், அலகு நோக்கும் திசைக்கு ஒரு கோடு, இவ்வளவே முதலில் வரையப்படும். கால் எங்கே தரையைத் தொடுகிறது என்பதையும் உடனே குறிக்க வேண்டும். பாதம் உடலின் எடை மையத்திற்கு நேர் கீழே அமையாவிடில் படத்துப் பறவை விழுவது போல் தோன்றும்.

பறவை அசைந்துவிட்டால் அப்படத்தை நினைவிலிருந்து முடிக்க முயல்வது தொடக்கநிலையினர் பலரும் செய்வது. முடிவு, பறவையன்று, பறவை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது. அதற்குப் பதிலாக அதே தாளில் அடுத்த படத்தைத் தொடங்க வேண்டும். பறவை பழைய நிலைக்குத் திரும்பும்போது பழைய படத்திற்குத் திரும்பலாம். ஒரு தாளில் ஏழெட்டு அரைகுறைப் படங்கள் இருப்பதே இயல்பு. இப்பக்கங்கள் அழகற்றவை என்று கிழித்தெறியப்படுவதுண்டு. ஆய்வாளருக்கு முடிந்த ஓவியத்தை விட இவையே பயன் தரும்.

பயிற்சிக்கு எந்தப் பறவையைத் தேர்வது என்பது முக்கியமானது. மடையான் (குருட்டுக் கொக்கு) சிறந்த முதல் ஆசிரியர். வாய்க்கால் ஓரத்தில் மீனுக்காகப் பல நிமிடங்கள் அசையாமல் நிற்கும். தவிட்டு நிற முதுகோடு சேற்றில் கலந்து நிற்கும் இப்பறவை, எழும்பும் கணத்தில் வெள்ளைச் சிறகுகளை விரித்து வேறொரு பறவை போல் தோன்றும். இரண்டையும் ஒரே தாளில் வரைவது நல்ல பயிற்சி. பச்சைப் பஞ்சுருட்டான் அசைந்துகொண்டே இருப்பினும், பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்கு அதே கோணத்தில் திரும்பும். வரைபவர் காத்திருந்தால் அதே மாதிரி இருபது முறை கிடைக்கும். உண்ணிக்கொக்கு மாடுகளுக்குப் பின் நடந்துகொண்டே இருக்கும். அதற்குக் கோடுகள் மட்டுமே போதும். ஏரியில் முக்குளிப்பான் சில நொடிகளில் மூழ்கிவிடும். அதை வரைபவர் பார்ப்பதையும் வரைவதையும் பிரித்துக்கொள்ள வேண்டும்: மேலே இருக்கும்போது பார்வை, மூழ்கியிருக்கும்போது கோடு. பகலில் மரப்பொந்து வாயிலில் அமரும் புள்ளி ஆந்தை, வரைபவரை அவர் பறவையைப் பார்ப்பதை விட உற்றுப் பார்க்கும்.

உடலமைப்பு அறிவு இல்லாமல் கண் ஏமாறும். பறவையின் காலில் பின்புறமாக மடங்குவது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கும். கொக்கு, நாரைகளுள் கொக்கு இனத்தின் கழுத்து ஓர் இடத்தில் கூர்மையாக முறிவது போல் தோன்றும். ஆறாவது கழுத்தெலும்பு மாறுபட்ட அமைப்புக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இதை அறியாதவர் அந்த முறிவைப் பிழை என எண்ணி மென்மையான வளைவாக வரைந்துவிடுவார். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடிய நிலையிலும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதையும் பலர் "திருத்தி" விடுகின்றனர். இறகுகளை ஒவ்வொன்றாக வரைவதும் வேண்டாதது. இறகுகள் தொகுதிகளாக அமைந்தவை. தோள் இறகுகள், மூடு இறகுகள், பறத்தற்குரிய நீண்ட இறகுகள் ஆகிய தொகுதிகளின் எல்லைகளைக் காட்டினால் எஞ்சியதைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

வண்ணம் தீட்டல்

நீர்வண்ணம் என்பது நிறமித் துகள்களை வேல மரப் பிசினோடு குழைத்துச் செய்யப்படுவது. பூச்சு மெல்லியது. தாளின் வெண்மையில் பட்ட ஒளி நிறத்தின் ஊடாகத் திரும்பி வருவதால்தான் படம் ஒளிர்கிறது. ஆகவே வெளிச்சமான இடங்களை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். இருட்டிய பின் மீட்க இயலாது. எண்ணெய் வண்ணத்தில் பழகியவர்களுக்கு இதுவே முதல் இடர்.

வெள்ளைப் பறவைகளை வரையும்போது இவ்வியல்பு கைகொடுக்கிறது. சின்னக் கொக்கை வரைய வெள்ளை வண்ணம் வேண்டியதில்லை. கொக்கைச் சுற்றியுள்ள நாற்றின் பச்சையைத் தீட்டினால் தீட்டாத தாளே கொக்காகிவிடும். எனினும் கொக்கு முழுதும் வெள்ளையன்று. காலை வெயிலில் அதன் நிழற்பக்கம் வானத்தின் நீலத்தையும், வயிற்றின் அடிப்பகுதி நாற்றின் பச்சையையும் ஏற்றிருக்கும். கதிர் முற்றிய வயலில் அதே அடிப்பகுதி மஞ்சளாகும். இது ஒளிப்படங்களில் பெரும்பாலும் வெளிறிப் போய்விடும் நுட்பம். ஆறேழு அடி உயரத்திலிருந்து கண்ணால் பார்ப்பவருக்கு ஐயமின்றித் தெரியும்.

கரிச்சானுக்கு மாறாக இருளே சிக்கல். கறுப்பு வண்ணத்தை அப்படியே தீட்டினால் பறவை, தாளில் வெட்டிய ஓட்டை போல் தோன்றும். அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் வெப்பமாகவோ குளிர்ச்சியாகவோ திருப்பக்கூடிய ஓர் இருள் கிடைக்கும். முதுகின் பளபளப்பு அங்கு நீலமாக விடப்படும்.

பனங்காடை, மீன்கொத்தி ஆகியவற்றின் நீலம் வேறு வகையானது. அந்நீலத்தில் நீல நிறமி எதுவுமில்லை. இறகிழைகளிலுள்ள நுண்ணிய துளைகள் கொண்ட கட்டமைப்பு நீல ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாகும் நிறம் அது. அதனால் ஒளி நமக்குப் பின்னாலிருந்து பட்டால் மட்டுமே அது மின்னும். எதிர்வெயிலில் அமர்ந்த பனங்காடை மங்கிய பழுப்பாகவே தெரியும். புத்தகத்தில் நீலம் என்று படித்ததால் நீலம் தீட்டுபவர், தாம் பார்த்ததை வரையவில்லை.

தட்பவெப்பம் இக்கலையில் ஒரு கூட்டாளி, சில வேளை எதிரி. சித்திரை, வைகாசி மாத வெயிலில் தாளில் இட்ட பூச்சு பரவும் முன்னரே உலர்ந்து விளிம்பு தட்டிவிடும். அப்போது தாளின் பின்புறத்தை நனைத்துக்கொள்வதும், காலை எட்டு மணிக்குள் முடிப்பதும் வழி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூச்சு உலரவே உலராது. ஒரு பூச்சோடு நிறுத்தி, எஞ்சிய நிறங்களை அம்புக்குறியிட்டுச் சொற்களால் எழுதிக்கொள்வது நலம். "மடையானின் கால் மங்கிய பச்சை, கண் மஞ்சள்" என்ற குறிப்பு, அவசரத்தில் தீட்டிய தவறான நிறத்தை விட மேலானது.

நெய்வேலி, வளையமாதேவி வட்டாரம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்க முறையில் எடுக்கப்படுகிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழ் அழுத்தத்தோடு உள்ள நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கம் இயங்காது. சுரங்கப் பகுதியிலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்திற்குப் பயன்படுகிறது. தெற்கே, பத்தாம் நூற்றாண்டில் சோழர் அமைத்த வீராணம் ஏரி கொள்ளிடத்து நீரை வடவாறு வழியாகப் பெறுகிறது. ஏரிகளும் வாய்க்கால்களும் நெல்வயல்களும் தொடர்ந்து அமைந்த இவ்வட்டாரத்தில் கொக்கு, நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி, ஆள்காட்டி முதலிய நீர்ப்பறவைகளை வரப்பிலிருந்தே வரையலாம். உழவு, நடவு, அறுவடை என்று வயல் மாற மாறப் பறவைக் கூட்டமும் மாறும். உழும் நாளே வரைபவருக்கு உகந்த நாள். உழுவை இயந்திரத்திற்குப் பின்னால் புழுவுக்காகக் கூடும் உண்ணிக்கொக்குகள் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை.

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி, 2023 ஜூலையில் தமிழகமெங்கும் பேசப்பட்டது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டு என்.எல்.சி. இந்தியா நிறுவனம் பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாயை அவ்வூர் வயல்களின் ஊடாக வெட்டத் தொடங்கியது. நெற்பயிர் நின்ற நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை உழவர்கள் எதிர்த்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நில எடுப்பு, இழப்பீடு, மின்தேவை ஆகியவை குறித்த வாதங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. களப் பறவை ஓவியத்தோடு தொடர்புடையது ஒன்று மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது. வருவாய்த்துறையின் அடங்கல் பதிவேட்டில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நின்றது என்பது இருக்கும். அங்கு எப்பறவை மேய்ந்தது, வாய்க்கால் ஓரத்தில் எது காத்து நின்றது என்பது இராது. நாளும் இடமும் எழுதப்பட்ட ஒரு பள்ளி மாணவரின் படக்குறிப்பேடு அதைச் சொல்லக்கூடும். சென்னையின் 1801–1807 காலப் பறவைகளைப் பற்றி இன்று பேச முடிவதும் இத்தகைய தாள்கள் எஞ்சியதால்தான்.

இதனால் ஒவ்வொரு தாளிலும் நாள், நேரம், ஊர், நீர்நிலையின் அல்லது வயலின் பெயர், வானிலை, தொலைவு ஆகியவற்றை எழுதுவது இக்கலையில் அலங்காரமன்று. பறவையின் பெயர் தெரியாவிடில் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதலாம். அதுவும் தெரியாவிடில் பெயரின்றி விடலாம். படம் சரியாக இருந்தால் பெயரைப் பின்னர் எவரும் சேர்க்க முடியும்.

சட்டமும் நடைமுறையும்

குவில்லிமின் முறை இன்று இயலாது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். வரைவதற்காகப் பறவையைப் பிடித்துத் தரச்சொல்வதும் இதில் அடங்கும். கூடுகளை அணுகி வரைவது சட்டத்திற்கு அப்பாலும் தவிர்க்க வேண்டியது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, மனிதர் அருகில் இருக்கும் வரை கூட்டிற்குத் திரும்பாது. நண்பகல் வெயிலில் சிறிது நேரம் நிழலின்றிக் கிடந்தாலே முட்டை கெடும். பறவை தலையை உயர்த்தி வரைபவரையே நோக்குமானால், அல்லது விடாமல் கத்துமானால், தொலைவு போதாது என்று பொருள். வேடந்தாங்கல், கரைவெட்டி போன்ற சரணாலயங்களில் பார்வைக் கோபுரங்களிலிருந்து வரையலாம். கூடுகளுக்கு இடையூறின்றி நெடுநேரம் ஒரே பறவையைப் பார்க்க அவை வசதியானவை.

படங்களைப் பேணுதல்

நீர்வண்ணத்தின் பகைவர்கள் ஒளியும் ஈரமும். மலிவான சிவப்பு, ஊதா நிறங்கள் சில, சுவரில் மாட்டிய சில ஆண்டுகளில் வெளிறிவிடும். கனிம மண்ணிலிருந்து கிடைக்கும் காவி, அம்பர் போன்றவை நெடுங்காலம் நிலைக்கும். கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படரும். தாளின் பசையை வெள்ளிப்பூச்சி தின்னும். தாள்களை நெகிழிப் பையில் இறுக மூடாமல், அமிலமற்ற உறைகளில் இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் தட்டையாக வைப்பது நல்லது. மழைக்காலம் முடிந்ததும், தை மாதத்தில் ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விட வேண்டும். மின்வருடி கொண்டு படியெடுத்து வைப்பது எளிது. அப்போது படத்தின் ஓரத்திலுள்ள நாள், இடக் குறிப்புகளை வெட்டிவிடாமல் தாள் முழுவதையும் படியெடுக்க வேண்டும்.